தடித்த எழுத்தை எங்கே இடுவது?

போட்டித் தேர்வு வினாத்தாள்களில் "பின்வருவனவற்றுள் பொருந்தாதது எது?" என்ற வகை வினாக்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். தரப்பட்ட நான்கு விடைகளில் மூன்று சரியாகவே இருக்கும். பொருந்தாத ஒன்றைத்தான் குறிக்க வேண்டும். சரியானதைத் தேடியே பழகிய தேர்வர், நேரம் ஓடிக்கொண்டிருக்கும் பதற்றத்தில், முதல் விடை சரியாக இருப்பதைக் கண்டதும் அதையே குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடக்கூடும். அதைத் தடுக்கத்தான் வினாத்தாள் தயாரிப்பவர்கள் ‘பொருந்தாதது’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் இடுகிறார்கள். வினாவில் வேறெந்தச் சொல்லும் தடித்திருப்பதில்லை. ‘பின்வருவனவற்றுள்’ என்பதையும் ‘எது’ என்பதையும் சேர்த்துத் தடிக்க வைத்திருந்தால், ‘பொருந்தாதது’ மறுபடியும் கூட்டத்தில் கலந்துவிட்டிருக்கும்.

ஓர் எழுத்தின் வடிவத்தை மாற்றாமல் அதன் கோடுகளைப் பருமனாக்கி வரைந்தால் கிடைப்பது தடித்த எழுத்து. அச்சுத் தொழிலிலும் கணினியிலும் பழகியவர்கள் இதைப் ‘போல்டு’ என்றே சொல்வார்கள். ‘கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்’ என்று பேச்சில் சொல்லும்போது அளவில் பெரிய எழுத்தையும் பருமனான எழுத்தையும் சேர்த்தே சொல்கிறோம். இங்கே நமக்கு வேண்டியது பருமன் மட்டும். பத்துப் புள்ளி (‘பாயிண்ட்’ எனப்படும் எழுத்தளவு அலகு) அளவிலுள்ள ஒரு வரிக்கு நடுவில், அதே பத்துப் புள்ளி அளவில், சுற்றியிருக்கும் சொற்களைவிடக் கருப்பாக நிற்கும் ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

அந்தச் சொல் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்யக்கூடும். பக்கத்தை முறையாகப் படிக்கத் தொடங்கும் முன்பே, கண் மேலோட்டமாக ஓடும்போது, வேண்டியதைக் கண்டுபிடிக்க உதவுவது ஒரு வேலை. அகராதியின் தலைச்சொல், பாடநூலில் முதன்முறையாக வரும் கலைச்சொல், அறிவிப்பில் வரும் கடைசித் தேதி ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. படித்துக்கொண்டே வரும் வாசகரிடம் ஒரு வாக்கியத்துக்குள் ஒரு சொல்லைக் குரல் உயர்த்திச் சொல்வது மற்றொரு வேலை. ஆங்கிலம் முதலிய ஐரோப்பிய மொழிகளில் இந்த இரண்டாவது வேலைக்குப் பெரும்பாலும் சாய்வெழுத்தைப் பயன்படுத்துவார்கள். சாய்வெழுத்து தூரத்திலிருந்து கண்ணைப் பிடித்து இழுப்பதில்லை. வாசகர் அந்த இடத்துக்கு வந்து சேரும்போதுதான் அது தன்னைக் காட்டிக்கொள்ளும். தடித்த எழுத்தோ பக்கத்தைத் திருப்பிய நொடியிலேயே, அதற்கு முன்னுள்ள வரிகளைப் படிக்க விடாமலேயே, கண்ணைத் தன்னிடம் இழுத்துவிடும். எனவே தமிழில் எழுதுபவர்கள் தடித்த எழுத்தை முதல் வேலைக்கு வைத்துக்கொண்டு, இரண்டாவது வேலையை மொழியிடமே விட்டுவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். அதற்கான காரணங்கள் எழுத்தின் வரலாற்றிலும் இருக்கின்றன, தமிழ் இலக்கணத்திலும் இருக்கின்றன.

காலத்தால் பிந்திய வரவு

கூட்டன்பெர்க் 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் மைன்ஸ் நகரில் அச்சுத் தொழிலைத் தொடங்கியபோது ஒரே பருமனுள்ள எழுத்துகள்தாம் இருந்தன. வெனிஸ் நகரப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூட்டியஸ் 1501-இல் பண்டைய ரோமக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளை முழுவதுமாகச் சாய்வெழுத்தில் அச்சிட்டு வெளியிட்டார். அந்த எழுத்தை வெட்டிக்கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அப்போது சாய்வெழுத்து தனித்து நிற்கும் ஓர் எழுத்து வகையாகவே கருதப்பட்டது. நேர் எழுத்தின் நடுவே புகுந்து ஒரு சொல்லை வேறுபடுத்திக் காட்டும் துணைப் பொறுப்பு அதற்குப் பின்னர்தான் வந்தது. ஜெர்மானியர்கள் ஃபிராக்டூர் எனப்படும் கோண எழுத்தில் அச்சிட்ட காலத்தில், அதற்கு ஏற்ற சாய்வெழுத்து இல்லாததால், அழுத்த வேண்டிய சொல்லின் எழுத்துகளுக்கிடையே இடைவெளி விட்டு அச்சிட்டார்கள். இருக்கும் எழுத்தைக் கொண்டே சமாளிக்கும் அந்த வழி நல்ல வழிதான். ஆனால் தமிழில் சொல்லின் எழுத்துகளைப் பிரித்து வைத்தால் கொம்பும் காலும் தம் உயிர்மெய்யை விட்டுத் தனியே நிற்பதுபோல் தோன்றும். நமக்கு அது ஒத்துவராது.

பருமனான எழுத்துகள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வந்தபோது, அவை நூல்களுக்காக உருவாகவில்லை. குலுக்கல் சீட்டு விளம்பரங்களும் நாடக அறிவிப்புகளும் சுவர்களில் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டிருந்த காலம் அது. தெருவில் நடப்பவரை நிறுத்திப் படிக்க வைக்கும் தடிமன் அவற்றுக்குத் தேவைப்பட்டது. வரிக்கு நடுவில், சாதாரண எழுத்தோடு சேர்ந்து நிற்பதற்கென்றே வெட்டப்பட்ட தடித்த எழுத்துகளில் முன்னோடியாகச் சொல்லப்படுவது ‘கிளாரண்டன்’. அச்செழுத்துகளை வார்க்கும் லண்டனின் ஃபேன் தெரு வார்ப்பகத்தைச் சேர்ந்த ராபர்ட் பெஸ்லி 1845-இல் அதை வெளியிட்டு, வடிவ உரிமைச் சட்டத்தின் கீழ் பதிவும் செய்தார். அதை வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். அந்த உரிமை மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால், காலம் முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் தயக்கமின்றிப் படியெடுத்தன. அகராதிக்காரர்களுக்கும் இரயில்வே கால அட்டவணை அச்சிட்டவர்களுக்கும் இந்த எழுத்து பெரிய வசதியாகிவிட்டது. 1884-இல் முதற்பகுதி வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியும் தலைச்சொற்களைக் கிளாரண்டனில்தான் அச்சிட்டது. இன்றும் நாம் அகராதியைப் புரட்டும்போது விளக்கங்களைப் படிக்காமலேயே தலைச்சொற்களை மட்டும் தொட்டுத் தொட்டுக் கீழே இறங்குகிறோம். தடித்த எழுத்து மிகச் சிறப்பாகச் செய்யும் வேலை அதுதான்.

எனவே தடித்த எழுத்தின் பிறப்பிலேயே இரண்டு குணங்கள் கலந்திருக்கின்றன என்று சொல்லலாம். சுவரொட்டியிலிருந்து வந்த குணம் கத்திக் கூப்பிடும். அகராதியிலிருந்து வந்த குணம் வழிகாட்டும். உரைநடைக்கு நடுவில் அதைப் பயன்படுத்துபவர்கள் இவற்றுள் எதை எழுப்புகிறோம் என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும்.

தமிழ் தானே செய்துகொள்ளும் அழுத்தம்

ஓலைச்சுவடியில் பருமனை மாற்றி எழுத வழியே இல்லை. எழுத்தாணியின் கூர்முனை கீறிய கோட்டில் மையைத் தடவி எழுத்தைத் தெரியவைத்தார்கள். அழுத்திக் கீறினால் ஓலை கிழியும் என்ற அச்சத்தால் புள்ளிகளைக்கூடத் தவிர்த்தார்கள். மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதைச் சொற்களாலேயே காட்ட வேண்டியிருந்தது. பழைய உரை நூல்களில் ‘இ-ள்’, ‘எ-று’ என்று சுருக்கி எழுதப்படும் ‘இதன் பொருள்’, ‘என்றவாறு’ ஆகியவை, இன்று நாம் எழுத்தின் அளவையும் பருமனையும் கொண்டு செய்யும் வேலையை அன்று செய்தவை. அச்சு வந்த பிறகு உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் இட்டார்கள். அங்கேயும் வேறுபாட்டைக் காட்டியது பெரும்பாலும் அளவே.

அதற்குத் தொழில் சார்ந்த காரணம் ஒன்றும் இருந்தது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், தடித்த எழுத்து வேண்டுமென்றால் அதே அளவில் இன்னொரு முழுத் தொகுதியை விலைகொடுத்து வாங்கி, இன்னொரு கேஸில் (எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைக்கும் தட்டில்) நிரப்பி வைத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அது சிறிய செலவு. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை, அவற்றில் பலவற்றைத் தனித்தனி வார்ப்புகளாகவே, கையாள வேண்டிய தமிழில் அது சிறிய அச்சகங்களுக்குத் தாங்காத செலவு. ஆகையால் ஏற்கனவே இருக்கும் பெரிய எழுத்தைக் கொண்டு தலைப்பை அமைத்தார்கள். வரிக்கு நடுவில் ஒரு சொல்லை எடுத்துக்காட்ட மேற்கோள்குறிகளை இட்டார்கள்.

தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. சாய்வெழுத்து மரபும் கிடையாது. கணினியில் ‘சாய்வு’ பொத்தானை அழுத்தினால் தமிழ் எழுத்தைச் சாய்த்துக் காட்டுவது உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் நேர் எழுத்தை இயந்திரம் ஒரு பக்கம் தள்ளிவிட்ட தோற்றம். ‘ட’, ‘ப’ போன்ற நிமிர்ந்த கோடுகள் விழப்போவதுபோல் நிற்கும். எனவே ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சாய்வு, தடிப்பு என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கும் சுமை முழுவதும் தமிழில் தடித்த எழுத்தின் தலையிலேயே வந்து விழுகிறது. ஆங்கில உரையை மொழிபெயர்ப்பவர்கள் அங்கே சாய்ந்திருந்த சொற்களையெல்லாம் இங்கே தடிக்க வைப்பதும், அதனால் பக்கம் முழுவதும் கரும்புள்ளி குத்தியதுபோல் ஆவதும் இதன் விளைவுதான்.

உண்மையில் தமிழுக்கு அந்தச் சுமை தேவையே இல்லை. ஏகாரம் தேற்றப் பொருளிலும் (உறுதிப்படுத்துவது) பிரிநிலைப் பொருளிலும் (மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது) வரும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. நன்னூலும் அந்த இரண்டையும் சேர்த்து ஏகாரத்துக்கு ஆறு பொருள் கூறுகிறது. "கட்டணத்தை வங்கியில் செலுத்த வேண்டும்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதில் ‘வங்கியில்’ என்ற சொல்லை மட்டும் தடிக்க வைத்தால் வாசகர் என்ன புரிந்துகொள்வார்? வங்கியில் மட்டும் செலுத்த வேண்டும் என்பதா, அலுவலகத்தில் வாங்கமாட்டார்கள் என்பதா, வங்கி என்பது இங்கே முக்கியமான இடம் என்பதா? பருமன் ‘இதைக் கவனி’ என்று சொல்கிறதே தவிர, ஏன் கவனிக்க வேண்டும் என்று சொல்வதில்லை. "வங்கியில்தான் செலுத்த வேண்டும்" என்றோ "வங்கியில் மட்டுமே செலுத்த வேண்டும்" என்றோ எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை. "வங்கியிலும் செலுத்தலாம்" என்றால் பொருளே வேறு. ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கும் தேநீர்க் கடை மேசையில், ‘தான்’ எல்லோருக்கும் கேட்கும். தடிப்பு படிப்பவருக்கு மட்டுமே தெரியும்.

சொல்லின் இடத்தை மாற்றியும் தமிழில் அழுத்தம் தரலாம். "இந்தத் திட்டத்தைத் தொடங்கியவர் ஓர் ஆசிரியை" என்பதும் "ஓர் ஆசிரியை இந்தத் திட்டத்தைத் தொடங்கினார்" என்பதும் ஒரே செய்தியைச் சொன்னாலும், முதல் வாக்கியத்தில் ஆசிரியை என்ற சொல்லின் மேல் இயல்பாகவே பார்வை நிற்கிறது. வாக்கியத்தை இப்படித் திருப்பி எழுத முடிகிறதா என்று முதலில் பார்ப்பதும், முடியாத இடத்தில் மட்டும் பருமனை நாடுவதும் எழுதுபவருக்கு நல்ல பழக்கம்.

எந்தச் சொல்லைத் தடிப்பது

கண்டுபிடிக்க உதவும் வேலையில் தடித்த எழுத்துக்கு ஈடு இல்லை. இதற்கு மிகத் தெளிவான சான்று உணவுப் பொட்டலங்களில் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 எண் கொண்ட ஒழுங்குமுறை, 2014 டிசம்பர் 13 முதல், ஒவ்வாமை உண்டாக்கும் 14 வகைப் பொருள்களை மூலப்பொருள் பட்டியலில் மற்றவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்று விதித்தது. எழுத்து வகையை மாற்றலாம், பின்னணி நிறத்தை மாற்றலாம். நடைமுறையில் பெரும்பாலான நிறுவனங்கள் தடித்த எழுத்தையே தேர்ந்தெடுத்தன. கடுகு, எள், நிலக்கடலை, பால், பசைப்புரதம் உள்ள தானியங்கள் ஆகியவை அந்தப் பதினான்கில் அடங்கும் என்பதால், அங்கே விற்கும் சாம்பார்ப் பொடிப் பொட்டலத்தில் துவரம்பருப்பும் மல்லியும் மிளகாயும் மெல்லிய எழுத்தில் இருக்க, கடுகு மட்டும் தடித்து நிற்பதைக் காணலாம். பெருங்காயத் தூளில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். அந்த டப்பாவிலும் கோதுமை என்ற சொல் தடித்திருக்கும். ஒவ்வாமை உள்ளவர் பட்டியலைப் படிக்கத் தேவையில்லை. தடித்த சொற்களை மட்டும் பார்த்துவிட்டு வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்வார். பட்டியல் முழுவதையும் தடிக்க வைத்திருந்தால் இந்த விதியால் யாருக்கும் பயன் இருந்திருக்காது.

இதையே ஓர் அலுவலக அறிவிப்பில் பொருத்திப் பார்ப்போம். "உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க விரும்பும் மாணவர்கள், பெற்றோரின் வருமானச் சான்றிதழ், முந்தைய ஆண்டின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்களுடன், உரிய படிவத்தை நிறைவுசெய்து, வரும் 28-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் கல்லூரி அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்க வேண்டும், அஞ்சலில் வருபவை ஏற்கப்படா." இதை எழுதுபவருக்கு எல்லாமே முக்கியமாகத்தான் தோன்றும். ‘உதவித்தொகை’, ‘வருமானச் சான்றிதழ்’, ‘மதிப்பெண் பட்டியல்’, ‘28-ஆம் தேதி’, ‘நேரில்’, ‘ஏற்கப்படா’ என்று ஆறு இடங்களில் தடிக்க வைத்த அறிவிப்புகளைப் பலகைகளில் எத்தனையோ பார்க்கிறோம். ஆனால் படிக்கும் மாணவர் எதைத் தவறவிட்டால் உதவித்தொகை கைநழுவும் என்று கேட்டால், விடை இரண்டுதான்: கெடு, ஒப்படைக்கும் முறை. எனவே அறிவிப்பின் பிற்பகுதியில் ‘28-ஆம் தேதி மாலை 5 மணிக்குள்’, ‘அஞ்சலில் வருபவை ஏற்கப்படா’ ஆகிய இரண்டை மட்டும் தடிக்க வைத்தால் போதும்: "வரும் 28-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் கல்லூரி அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்க வேண்டும், அஞ்சலில் வருபவை ஏற்கப்படா." சான்றிதழ்களின் பெயர்களைத் தடிக்க வைப்பதைவிடத் தனித்தனி வரிகளில் எழுதுவதே மாணவருக்கு உதவும்.

ஒரு சோதனை உண்டு. உரையில் தடித்திருக்கும் பகுதிகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பார்க்க வேண்டும். மேலே உள்ள அறிவிப்பில் அவை ‘28-ஆம் தேதி மாலை 5 மணிக்குள்’, ‘அஞ்சலில் வருபவை ஏற்கப்படா’ என்று ஓரளவு தாமாகவே பொருள் தருகின்றன. ‘ஏற்கப்படா’ என்ற சொல்லை மட்டும் தடித்திருந்தால், எது ஏற்கப்படாது என்று தெரியாமல் வாசகர் வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும். தமிழில் முற்றுவினை கடைசியில் வருவதால் ஆம், இல்லை என்ற முடிவும் வாக்கியத்தின் வாலில்தான் தெரியும். ‘செல்லும்’ என்பதற்கும் ‘செல்லாது’ என்பதற்கும் இடையே ஒரு விகுதியளவு வேறுபாடுதான். விதிகளையும் எச்சரிக்கைகளையும் எழுதுபவர்கள் எதிர்மறை வினையை, அது எதைப் பற்றியதோ அந்தச் சொல்லோடு சேர்த்தே தடிக்க வைப்பது இதனால்தான் அவசியமாகிறது.

இன்னொரு நுட்பம் தமிழின் ஒட்டுநிலை இயல்பிலிருந்து வருகிறது. ‘மரம்’ என்ற கலைச்சொல்லை வேறுபடுத்திக் காட்ட விரும்புகிறோம். ஆனால் வாக்கியத்தில் அது ‘மரத்தில்’ என்று வருகிறது. சொல்லை மட்டும் தடிக்க வைத்து உருபை விட்டுவிடலாம் என்றால் எங்கே வெட்டுவது? ‘வீட்டை’ என்பதில் ‘வீடு’ எங்கே முடிகிறது? சொல்லுக்கு நடுவில் பருமன் மாறினால் கண் இடறும். உருபு, சாரியை, உடம்படுமெய் எல்லாவற்றோடும் முழுச்சொல்லையும் தடிக்க வைப்பதே அழகு. வல்லினம் மிகுந்து சொல்லின் கடைசியில் ஒற்று வந்தாலும் அந்த ஒற்றும் தடித்தே இருக்க வேண்டும். தடித்த ‘அரசு’வுக்குப் பின்னால் ஒரு மெலிந்த ‘ப்’ ஒட்டிக்கொண்டிருப்பது அரைகுறை வேலையாகத் தெரியும். பொருளைக் காட்டும் கலைச்சொல்லை முதன்முறை வரும்போது மட்டும் தடித்தால் போதும். மறுமுறை வரும்போது வாசகர் அதை அறிந்துவிட்டார்.

கணினியில் வரும் போலித் தடிப்பு

அச்சில் செலவாக இருந்தது கணினியில் ஒரு விசையளவு எளிதாகிவிட்டது. கன்ட்ரோல் விசையுடன் பி விசையை அழுத்தினால் சொல் தடிக்கும். ஆனால் உண்மையிலேயே தடித்த எழுத்து வருகிறதா என்பது அந்த எழுத்துருவைப் பொறுத்தது. இணையப் பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் பருமனுக்கு 100 முதல் 900 வரை ஒன்பது படிகள் வழங்கிவருகின்றன. 400 என்பது சாதாரணம், 700 என்பது தடிப்பு. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டுமரன் ஆகிய எழுத்துருக்களில் இந்த ஒன்பது படிகளும் இருக்கின்றன. முக்தா மலரில் ஏழு உண்டு. மீரா இனிமை, பவனம் ஆகியவற்றில் ஒரே ஒரு படிதான். அப்படிப்பட்ட எழுத்துருவில் தடிப்பைக் கேட்டால், உலாவியோ எழுதுசெயலியோ ‘இல்லை’ என்று சொல்லாது. இருக்கும் எழுத்தின் கோடுகளைத் தானே எல்லாப் பக்கமும் சமமாகப் பருக்க வைத்துக் கொடுத்துவிடும். இதைத்தான் போலித் தடிப்பு என்கிறோம்.

ஆங்கில எழுத்தில் இந்தப் போலியைச் சகித்துக்கொள்ளலாம். தமிழில் படிப்பதற்கே இடையூறு வரும். எழுத்துரு வடிவமைப்பாளர் தடித்த எழுத்தை வரையும்போது கோட்டை மட்டும் பருக்க வைப்பதில்லை. எழுத்தின் அகலத்தைக் கூட்டுவார், உள்ளே இருக்கும் வெற்றிடங்கள் அடைபடாமல் கிடைக்கோடுகளைச் சற்று மெலிதாக்குவார், புள்ளியைப் பெரிதாக்கி எழுத்தின் தலையிலிருந்து சற்று மேலே தூக்கி வைப்பார். ‘ப’வுக்கும் ‘ட’வுக்கும் உள்ளே இடம் தாராளமாக இருப்பதால் அவை எப்படிப் பருத்தாலும் தெளிவாகவே இருக்கும். ‘ண’, ‘ஞ’, ‘இ’ ஆகியவற்றில் கோடுகள் நெருங்கியும் சுழிகள் சிறியனவாகவும் இருப்பதால், போலித் தடிப்பில் அவை கரித்துண்டுபோல் அடைபட்டுவிடும். எல்லாவற்றிலும் மோசமானது குறில் நெடில் மயக்கம். ‘கி’யையும் ‘கீ’யையும் பிரித்துக் காட்டுவது விசிறியின் நுனியில் உள்ள சிறு சுழி ஒன்றுதான், கைப்பேசித் திரையின் சிறிய எழுத்தில் அந்தச் சுழி நிரம்பிவிட்டால் நெடில் குறிலாகத் தெரியும். ‘ன்’ போன்ற மெய்களில் புள்ளி கீழிறங்கி எழுத்தோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஓர் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன் ‘கண்ணீர்’, ‘ஞாயிறு’, ‘இணையம்’ ஆகிய மூன்று சொற்களை உரைக்குரிய அளவிலேயே தடித்த எழுத்தில் இட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இணையப் பக்கங்களுக்கான எச்டிஎம்எல் குறிமொழியில் தடிப்பைக் குறிக்க இரண்டு குறிகள் இருக்கின்றன. ‘ஸ்ட்ராங்’ என்ற குறி, அந்தப் பகுதி முக்கியமானது, தீவிரமானது அல்லது அவசரமானது என்று பொருளைச் சொல்கிறது. ‘பி’ என்ற குறி, தனி முக்கியத்துவம் எதுவும் தராமல் கண்ணில் படச் செய்தால் போதும் என்ற இடத்துக்கானது. திரையில் இரண்டும் ஒரேபோல் தெரியும். எச்சரிக்கைக்கு முதலாவதையும், கட்டுரையில் வரும் கலைச்சொல்லுக்கு இரண்டாவதையும் இடலாம். ஒரு பத்தியை முழுதும் தடிக்க வைத்துத் தலைப்புபோல் காட்டுவது மட்டும் கூடாது. தலைப்புகளுக்கென்று தனிக் குறிகள் இருக்கின்றன, பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் கொண்டு தலைப்பு தலைப்பாகத் தாவிச் செல்வது அவற்றை நம்பித்தான். அந்த மென்பொருள்கள் வழக்கமான அமைப்பில் தடித்த எழுத்தைப் பெரும்பாலும் அறிவிப்பதில்லை என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். ‘தான்’, ‘மட்டுமே’ ஆகியவற்றைச் சொல்லாகவே எழுதிவிட்டால் அவர்களுக்கும் அது போய்ச் சேரும்.

வாட்ஸ்அப்பில் சொல்லின் இருபுறமும் ஒவ்வொரு நட்சத்திரக் குறியை இட்டால் சொல் தடிக்கும். குறிக்கும் சொல்லுக்கும் இடையே வெற்றிடம் விட்டால் தடிப்பு வராது. இங்கேயும் வேற்றுமை உருபைக் குறிகளுக்கு வெளியே தொங்கவிடாமல் முழுச்சொல்லையும் உள்ளே வைப்பதே பாதுகாப்பு. சமூக ஊடகப் பதிவுகளில் சிலர் ஆங்கிலச் சொற்களை மட்டும் தடிக்க வைத்திருப்பதைக் கண்டு, தமிழில் ஏன் முடியவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அவை உண்மையில் தடித்த எழுத்துகளே அல்ல. கணிதக் குறியீடுகளுக்காக, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான ஒருங்குறியில் (யூனிகோடு) தனியே சேர்க்கப்பட்ட இலத்தீன் எழுத்துகள். தமிழுக்கு அப்படி ஒரு தொகுதி கிடையாது, அதில் வருத்தப்படவும் ஒன்றுமில்லை. தேடுபொறியும் திரைவாசிப்பானும் அவற்றைச் சொல்லாக அறிந்துகொள்ளத் திணறுகின்றன.

அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எழுதித்தரும் விடைகளில் பத்திக்கு நான்கைந்து சொற்கள் தடித்திருப்பது வழக்கமாகிவிட்டது. அவற்றை நகலெடுத்து ஒட்டும்போது சில இடங்களில் இரட்டை நட்சத்திரக் குறிகளும் அப்படியே வந்துவிடுகின்றன. கோயில் திருவிழா அறிவிப்பில்கூட அந்த நட்சத்திரங்களைப் பார்க்க நேர்கிறது. ஒட்டிய பிறகு எல்லாத் தடிப்பையும் ஒருமுறை நீக்கிவிட்டு, வேண்டிய ஓரிரண்டை மட்டும் மறுபடி இடுவது அவற்றை ஒவ்வொன்றாகக் களைவதைவிட எளிது.

அச்சுக்குக் கொடுக்கும்போது

கையெழுத்துப் படியிலோ மெய்ப்பிலோ (பிழை திருத்த எடுக்கும் அச்சுப்படி) தடித்த எழுத்து வேண்டிய சொல்லின் அடியில் அலைக்கோடு போடுவது அச்சுத் தொழிலின் நெடுநாள் வழக்கம். நேர்க்கோடு போட்டால் சாய்வெழுத்து என்று பொருள். பழக்கத்தில் நேர்க்கோடு போட்டுவிட்டு, அச்சில் தமிழ்ச் சொல் சாய்ந்து வந்துவிட்டதே என்று அச்சகத்தாரைக் கடிந்துகொள்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

திரையில் பளிச்சென்று தெரியும் தடித்த எழுத்து, செய்தித்தாளில் வேறு மாதிரி வரும். செய்தித்தாள் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும் தன்மையுடையது; ஒவ்வொரு கோடும் வரைந்ததைவிடச் சற்றுப் பருத்தே பதியும். 8 புள்ளி அளவிலுள்ள வரி விளம்பரத்தில் 700 பருமனைக் கேட்டால், ‘ண’வின் சுழிகள் அடைபட்டு, படிக்க முடியாத கருங்கட்டியாக வந்து நிற்கும். அதே விளம்பரத்துக்கு 600 பருமனுள்ள எழுத்து போதும்; மை பரவி மீதியை நிரப்பிவிடும். கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் கணக்கு தலைகீழ்: மை உள்நோக்கிப் பரவி வெள்ளைக் கோட்டைத் தின்றுவிடும் என்பதால், அங்கே சாதாரண எழுத்துக்குப் பதிலாகவே சற்றுத் தடித்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். வழவழப்பான தாளில் அச்சாகும் அழைப்பிதழுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே 700 பருமன் திரையில் கண்டபடியே விழும். எந்தத் தாளில் அச்சாகப் போகிறது என்று அச்சகத்தாரைக் கேட்டு, அதே தாளில், அதே அளவில் ஒரு படி எடுத்துப் பார்த்த பிறகு பருமனை முடிவு செய்யலாம். திரையில் இருநூறு விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்த படி இதற்கு உதவாது.